இரண்டு மாவுக்கட்டு

ஜனவரி 3

முதலிலேயே ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். என் கையெழுத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை. ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். படிக்கச் சொன்னால் எழுத்துக் கூட்டித்தான் வரும். ஆனால் கையெழுத்தில் என்னை மிஞ்ச நரிக்கல்மேட்டில் ஆள் கிடையாது. ‘பவுனுத்தாய்’ என்று எழுதி, கடைசி எழுத்திலிருந்து கீழே ஒரு கோடு இழுத்து, யானைத் தும்பிக்கை மாதிரி மேலே சுருட்டி, நுனியில் ஒரு புள்ளி வைப்பேன். தோசைக்கல்லில் மாவை ஊற்றிக்கூடப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அந்தத் தோசையை விற்க மனசு வரவில்லை. நானே தின்றேன்.

இந்த டைரியைக் கொடுத்தது எதிரே இருக்கும் போலீஸ் ஸ்டேஷன் ரைட்டர் தவமணி. ஸ்டேஷனில் எழுத்து வேலையெல்லாம் பார்க்கும் ஏட்டு அவர். “பவுனக்கா, உங்க கையெழுத்துக்கு ஒரு டைரியே வேணும்” என்று நேற்று நீட்டினார். நாலு வருடமாக அவர் கூப்பிடும்போதெல்லாம் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறேன். மகஜர் என்று ஒரு காகிதம். திருட்டுப் பொருளை எங்கே எடுத்தார்கள், எப்படி எடுத்தார்கள் என்று எழுதி, கூட நின்று பார்த்த ரெண்டு பேர் அதில் கையெழுத்துப் போட வேண்டுமாம். “எழுத நேரமாகும்க்கா. நீங்க கீழ போட்டுட்டுப் போங்க, நான் மேல நிரப்பிக்கிறேன்” என்பார். எனக்கும் அதுதான் வசதி. வெறும் தாளில்தானே தும்பிக்கைக்கு இடம் கிடைக்கும்.

போன ஆயுத பூஜைக்கு ஸ்டேஷனுக்குப் பொரி கொண்டுபோனபோது ஒரே இருப்பில் பன்னிரண்டு தாள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு அழகு.

ஜனவரி 9

உளுந்து சரியாக ஊறவில்லை. வடை கல். “இத லாக்கப்புல குடுத்தாப் போதும்க்கா, எல்லா உண்மையும் வந்துரும்” என்றார் ஒரு போலீஸ்காரர். எல்லோரும் சிரித்தார்கள். நானும்தான்.

ஜனவரி 17

எனக்குக் கோர்ட்டிலிருந்து சம்மன் வந்திருக்கிறது! கல்யாணப் பத்திரிகை தவிர என் பெயர் போட்டு எந்தக் காகிதமும் வந்ததில்லை. வாசலில் நின்று சத்தமாகப் படித்தேன். படித்து முடிப்பதற்குள் ரெண்டு பஸ் போய்விட்டது. அரசுத் தரப்பின் சாட்சி நான். பிப்ரவரி 13, காலை பத்து மணி. மாம்பழக் கலர் சேலையா, மயில் கழுத்துக் கலரா என்று வீட்டுக்காரரைக் கேட்டேன். பெயர் சன்னாசி. எங்கள் கடையின் பரோட்டா மாஸ்டரும் அவர்தான். ஒரு நாளைக்கு ஒன்பது வார்த்தை பேசுவார். “கோர்ட்டுக்கு எதுக்கு மயிலு” என்றார். மூணு போய்விட்டது.

கேஸ் முத்திருளன் மேலாம். தோட்டத்துக் கிணறுகளில் மோட்டார் செம்புக் கம்பியைத் திருடினானாம். கிணறு தூர் வாருகிறவன். அவனை எனக்கு அவ்வளவாகத் தெரியாது. டீயில் ஆடை விழுந்தால் விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குடிப்பான். பன்னை நனைக்கும்போது பாதியில் ஒடிந்து விழுந்துவிட்டால் “முங்கிட்டான்யா, கயிறு போடுங்க” என்பான். இவ்வளவுதான் தெரியும்.

ஜனவரி 20

மத்தியானம் கூட்டம் ஓய்ந்த பிறகு ரைட்டர் வந்து பெஞ்சில் உட்கார்ந்து எனக்குப் பாடம் எடுத்தார்.

“அக்டோபர் இருபத்திரெண்டு. காலைல ஆறரை மணி. நீங்க கரட்டுப் பாதையில போய்க்கிட்டிருக்கீங்க.”

“எதுக்குய்யா?”

“எதுக்குன்னா?”

“ஆறரைக்கு எனக்குக் கரட்டுல என்ன வேலை? அந்நேரம் உங்க ஸ்டேசனுக்கே பதினெட்டு டீ ஆத்தணும்.”

“வெறகு பொறுக்கப் போனீங்க.”

“கேஸ் அடுப்புய்யா.”

கொஞ்சம் யோசித்தார். “வாக்கிங். சுகருக்கு நடக்கச் சொல்லிருக்காங்க.”

“எனக்கு சுகர் இல்லையே.”

“கோர்ட்டுல யாரும் ஊசி போட்டுப் பாக்க மாட்டாங்கக்கா, சொல்றதச் சொல்லுங்க!”

ஊருக்கு வெளியே அந்தப் பாறைக் கரட்டில் போலீஸ் ஜீப் நிற்கிறதாம். முத்திருளன் தானாக முன்வந்து, முள்செடிக்குப் பின்னாலிருந்து சாக்கை இழுத்து, கம்பிச் சுருளை எடுத்துக் கொடுக்கிறானாம். நான் பார்க்கிறேனாம். சைக்கிள் கடை பெரியகருப்பனும் பார்க்கிறாராம். பெரியகருப்பன் இப்போது திருப்பூர்ப் பக்கம் எங்கேயோ போய்விட்டார், ஆள் கிடைக்கவில்லை. “அதனால நீங்கதான்க்கா. உங்க வாயிலதான் கேஸ் நிக்குது” என்றார்.

அவர் வைத்திருந்த தாளில் முத்திருளனை எதிரி, எதிரி என்றே எழுதியிருந்தது. கேஸில் மாட்டியவனை அப்படித்தான் எழுதுவார்களாம். அவன் எனக்கு எப்போது எதிரியானான் என்று கேட்டேன். “டீ போடுங்க” என்றார்.

நாலு தடவை ஒப்பித்தேன். நாலாவது தடவை என் நடையைப் பார்த்து எனக்கே சுகர் இருப்பது போல ஆகிவிட்டது.

ஜனவரி 21

ஒரு டீயில் சர்க்கரைக்குப் பதில் உப்பு. வெயில் ஏறுகிறது, அதனால்தான்.

ஜனவரி 24

முத்திருளன் பெண்சாதி காமாயி வந்திருந்தாள். ஸ்டேஷனுக்கு எதிரில் வேப்பமரத்தடியில் அடிக்கடி உட்கார்ந்திருப்பாள், நான் பார்த்திருக்கிறேன். பேசியதில்லை. இன்றைக்கு நேராகக் கடைக்குள் வந்தாள். சண்டை போடத்தான் வருகிறாள் என்று கரண்டியைக் கையில் எடுத்துக்கொண்டேன்.

“அக்கா, அந்தப் பேப்பர்ல உங்க கையெழுத்து இருக்குன்னு நசீமா வக்கீலம்மா சொன்னாக.” சர்க்கார் இலவசமாக வைத்துக் கொடுத்த வக்கீலாம்.

“ஆமா. இருக்கு.”

“அப்ப நீங்க அவரப் பாத்தீகள்ல?”

கரண்டியால் பாலைக் கிண்டினேன்.

“பத்தொம்பதாந்தேதி சாயந்தரம் தோட்டத்துல இருந்து கூட்டிட்டுப் போனாக. மூணு நாளு என்னயக் கண்ணுலயே காட்டல. இங்க இல்லவே இல்லன்னுட்டாக. இருவத்திரெண்டு காலைல நீங்க பாத்திருக்கீக. அதான் கேக்க வந்தேன்.” முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். “எப்பிடிக்கா இருந்தாரு? நடந்து வந்தாரா? சாப்புட்ட மொகமா இருந்துச்சா?”

கரண்டியைக் கீழே வைத்தேன்.

“நல்லாத்தான் இருந்தான்” என்றேன்.

“சட்ட போட்டிருந்தாரா?”

“போட்டிருந்தான்.”

“என்ன கலருக்கா?”

“நீலம்” என்றேன். வாயில் வந்தது.

யோசித்தாள். “நீலச் சட்ட வீட்டுலல்ல கெடக்கு” என்றாள். பிறகு அவளே, “அவுகளாக் குடுத்திருப்பாக” என்று என்னைக் காப்பாற்றிவிட்டாள். ஜாமீன் கிடைத்தும் பிணைக்கு ஆள் நிற்க யாரும் வரவில்லையாம். மூணு மாதமாக உள்ளேதான் இருக்கிறான். டீ கொடுத்தேன். ஆடையை விரலால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுக் குடித்தாள்.

அவள் போன பிறகு பெஞ்சைத் துடைத்தேன். பிறகு மறுபடி துடைத்தேன். “அது மரம், தேஞ்சுரும்” என்றார் சன்னாசி.

ஜனவரி 25

அக்டோபர் இருபத்திரெண்டாம் தேதி என் வலது கையில் மாவுக்கட்டு.

காலையில் பால் பாக்கெட்டை வெட்டும்போது நினைவுக்கு வந்தது. கத்தரிக்கோலை அப்படியே வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்து போய்த் திரும்பி வந்தேன். ஒரு வேலையும் இல்லை, சும்மாதான்.

ஆயுத பூஜை முடிந்து ரெண்டு வாரம் இருக்கும். கடைப் பின்பக்கம் மாவுச் சட்டி கழுவிய தண்ணீரில் வழுக்கி விழுந்தேன். மணிக்கட்டு முறிந்துவிட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் முழங்கை வரைக்கும் கட்டு. ஆறு வாரம் இடது கையால்தான் டீ ஆற்றினேன். பாதி டீ சன்னாசி காலில். ரேஷன் கடையில்கூட இடது பெருவிரல்தான். கையெழுத்தாவது ஒன்றாவது, சோறே அவர்தான் பிசைந்து கொடுத்தார். இந்த ஊரில் மாவுக்கட்டு என்றால் எல்லோருக்கும் ஒரே அர்த்தம்தான்: ஸ்டேஷன் பாத்ரூமில் வழுக்கி விழுந்தார் என்று மறுநாள் பேப்பரில் வரும். “இந்தத் தெருவுல நெசமாவே வழுக்கி விழுந்தவ நான் ஒருத்திதான்” என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வேன். போலீஸ்காரர்களே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள்.

அப்படியானால் அது பொரி கொண்டுபோன அன்று போட்ட தாள். மேலே பிறகு நிரப்பியிருக்கிறார்கள்.

ஆஸ்பத்திரிச் சீட்டு இருந்தால் தேதியே தெரிந்துவிடும். சாமி படத்துக்குப் பின்னால், அரிசி டப்பா, டிரங்குப் பெட்டி எல்லாம் தேடினேன். கடைசியில் எனக்கே ஞாபகம் வந்தது. பொங்கலுக்கு முந்தின வாரம் வடை மடிக்கத் தாள் தீர்ந்துபோனது. கையில் அகப்பட்டதையெல்லாம் கிழித்தேன்.

யாரோ ஒருவர் என் எக்ஸ்ரே சீட்டில் ரெண்டு பருப்பு வடை கட்டிக்கொண்டு போயிருக்கிறார்.

ஜனவரி 28

ஒன்றுமில்லை. பல்லி விழுந்த தேங்காய்ச் சட்னியைக் கொட்டினேன்.

பிப்ரவரி 2

ரைட்டரிடமே சொல்லிவிடலாம் என்று டீயை நானே எடுத்துக்கொண்டு போனேன்.

“ரைட்டரய்யா, தேதி தப்பாயிருச்சு. அன்னிக்கு என் கை கட்டுல இருந்துச்சு.”

பேனாவை மூடினார். கோபப்படவில்லை. அதுதான் எனக்குப் பயமாகிவிட்டது. கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அக்கா, மாசத்துக்கு இத்தன கேஸ் முடியலன்னா வயர்லெஸ் மைக்குல மேலதிகாரிங்க கிழிப்பாங்க. ரெண்டு சாட்சி கொண்டான்னு சட்டம் சொல்லுது. எவன் வர்றான்? போலீசுன்னு சொன்னா பஸ் ஏறிப் போயிர்றான். நாலு நாளாத் தூங்காம கெடந்து எழுதுறேன், எனக்கு எதுக்குக்கா இந்தப் பொழப்பு?”

“பாவந்தான்யா. அதுக்கு முத்திருளன் என்ன செஞ்சான்?”

“கெணத்துக்குள்ள எறங்கத் தெரிஞ்சவன் வேற யாரு இருக்கா?”

“நீச்சல் தெரிஞ்சவனையெல்லாம் பிடிப்பீங்களா?”

அவர் சிரிக்கவில்லை. என் பேச்சுக்கு அவர் சிரிக்காமல் இருந்தது இதுதான் முதல் தடவை. “உங்க கடை எந்த எடத்துல இருக்குன்னு யோசிச்சுக்கங்க” என்றார். “பொறம்போக்கு. நாலு வருசமா யாரும் கேக்கல. கேக்கலன்னா ஏன் கேக்கலன்னு ஒரு காரணம் இருக்கும்ல?”

டீயைக் குடித்துவிட்டுக் கிளாசை மட்டும் மறக்காமல் கொடுத்தார்.

பிப்ரவரி 6

கடை ஷட்டரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறார்கள். ஆக்கிரமிப்பு. பதினைந்து நாளில் காலி செய்ய வேண்டும். இதையும் வாசலில் நின்று சத்தமாகப் படிக்க ஆரம்பித்தேன். ரெண்டு வரிக்கு மேல் சத்தம் வரவில்லை.

சன்னாசி, “படிக்க வேண்டாம். மாவு பிசையணும்” என்றார்.

பிப்ரவரி 8

ஸ்டேஷனிலிருந்து டீக்கு ஆள் வரவில்லை. அதற்குப் பதில் ஒரு போலீஸ்காரர் யூனிபார்மோடு பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். ஒன்றும் கேட்கவில்லை, ஒன்றும் குடிக்கவில்லை. சாயந்தரம் வரை அப்படியே. அவரைப் பார்த்துவிட்டு ஆட்கள் அடுத்த கடைக்குப் போனார்கள். “தம்பி, நீ உக்காந்த எடத்துல மொட்டு விட்டுரும் போலருக்கு, கொஞ்சம் தண்ணி ஊத்தவா?” என்று கேட்டேன். வாயோரம் லேசாகச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

நானும் ஒன்றும் கவலைப்படவில்லை. சும்மா உட்கார முடியாமல் எல்லா டப்பாவையும் இறக்கிக் கழுவி ஏற்றினேன். மறுபடி இறக்கினேன்.

பிப்ரவரி 11

நாளை மறுநாள் கோர்ட்டு. ஒன்றை எழுத வேண்டாம் என்று இருந்தேன். மூணு நாளாக இந்தப் பக்கத்தைத் திறந்து மூடிக்கொண்டிருக்கிறேன். ரெண்டு ஈ நசுங்கியிருக்கிறது.

அக்டோபர் இருபத்துமூன்று காலையில் நான் முத்திருளனைப் பார்த்தேன். கரட்டில் இல்லை. இங்கே, இந்த வாசலில் நின்றுகொண்டு. ஜட்ஜிடம் கொண்டுபோவதற்காக ஸ்டேஷனிலிருந்து ஜீப்புக்குக் கூட்டி வந்தார்கள். அவன் வலது கையில் மாவுக்கட்டு. ஈரம்கூடக் காயவில்லை. என் கையிலும் கட்டு. தெருவுக்கு அந்தப் பக்கம் ஒன்று, இந்தப் பக்கம் ஒன்று.

எனக்கு நாக்கு சும்மா இருக்குமா. “என்னப்பா முத்திருளா, உனக்கும் வழுக்கிருச்சா? என் கூட்டத்துல சேந்துட்டியே!” என்று சத்தமாகக் கேட்டேன். இன்ஸ்பெக்டர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சன்னாசி மட்டும் உள்ளே போய்விட்டார்.

அவன் என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கையைத்தான் பார்த்தான். ஜீப் கிளம்புகிற வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவ்வளவுதான். மாவு புளித்துவிட்டது, போய்ப் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 13

கோர்ட்டு.

காலையில் மயில் கழுத்துச் சேலை கட்டிக்கொண்டு கிளம்பும்போது சன்னாசி நாற்காலி போட்டு ஏறிக் கடை முகப்பில் எதையோ அவிழ்த்துக்கொண்டிருந்தார். என் மாவுக்கட்டு! நவம்பரில் ஆஸ்பத்திரியில் வெட்டி எடுத்ததை அவர்தான் கேட்டு வாங்கி வந்து, எலுமிச்சம்பழம், மிளகாய் எல்லாம் கோத்து, திருஷ்டிக்குக் கட்டித் தொங்கவிட்டிருந்தார். பூசணிக்காய் அழுகும், இது அழுகாது என்பது அவர் கணக்கு. ரெண்டரை மாதமாக ஸ்டேஷனைப் பார்த்து ஆடிக்கொண்டிருந்தது. நானும் தினமும் அதன் கீழேதான் நின்றேன்.

ஒட்டடையைத் தட்டி என்னிடம் காட்டினார். கட்டின் மேல் டாக்டர் நீல மையில் எழுதியிருந்தார். போட்டது 14-10. எடுக்க வேண்டியது 25-11. பக்கத்தில் என் பெயர்.

“இத ஏன்யா முன்னாடியே சொல்லல?”

“நீ போவியா மாட்டியான்னு தெரியல” என்றார். மஞ்சப்பையில் போட்டுக் கொடுத்தார். கடையைப் பூட்டிவிட்டுக் கூடவே வந்தார்.

முத்திருளனைக் கம்பிக்குப் பின்னால் நிறுத்தியிருந்தார்கள். இளைத்திருந்தான். காமாயி பின் பெஞ்சில். ரைட்டர் தவமணி கதவோரம் நின்று என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பாடம் எடுத்த வாத்தியார் பரீட்சைக்கு வந்தது மாதிரி.

அரசு வக்கீல் மகஜரைக் காட்டினார். “இதில் இருக்கும் கையெழுத்து உங்களுடையதுதானே?”

“ஆமாங்கய்யா. தும்பிக்கையப் பாத்தாலே தெரியுமே.”

“சந்தேகமில்லையே?”

“அத மாதிரி வேற யாராலயும் போட முடியாதுங்கய்யா.”

அவருக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அன்று காலை ஆறரை மணிக்கு நீங்கள் என்ன பார்த்தீர்கள்?”

எல்லாம் நாக்கு நுனியில் இருந்தது. கரடு, வாக்கிங், சுகர். ரைட்டர் உதட்டை அசைத்து எடுத்துக்கொடுத்தார். காமாயி பெஞ்சில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். அவளுக்கு இன்னும் நான் அவனைப் பார்த்தவள்தான். நான் சொல்லப் போவதில் அவன் எப்படி இருந்தான் என்று கேட்கக் காத்திருந்தாள்.

“ஒண்ணும் பாக்கலங்கய்யா. பால் காய்ச்சிக்கிட்டிருந்தேன். இடது கையால.”

மாஜிஸ்திரேட் நிமிர்ந்தார். அரசு வக்கீலுக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே. கூப்பிட்டவர்களுக்கு எதிராகவே சொல்லி நான் பிறழ்சாட்சி ஆகிவிட்டேனாம். அதன் பிறகு என்னைக் குறுக்கு விசாரணை செய்தார். எதிரி ஆட்களோடு சேர்ந்துகொண்டு பொய் சொல்கிறேன் என்றார். பொய் சாட்சி சொன்னதற்கு என் மேலேயே கேஸ் வரும் என்றார்.

“வரட்டுங்கய்யா. அதுக்கும் சாட்சி வேணும்ல. இனிமே நான் வெறுந்தாள்ல போட மாட்டேன்.”

யாரோ சிரித்தார்கள். மாஜிஸ்திரேட் சிரிக்கவில்லை. “அம்மா, இது டீக்கடை இல்ல. கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. வெறும் தாளில் கையெழுத்துப் போட்டீர்களா?”

“ஆமாங்கய்யா.”

“படிக்காமலா?”

“படிக்க அதுல ஒண்ணும் இல்லைங்கய்யா.”

“எத்தனை தாள்?”

“பன்னெண்டு. ஆயுத பூஜ அன்னிக்கு.” அதைச் சொல்லும்போது என் குரல் எனக்கே கேட்கவில்லை. சத்தமாகச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

பிறகு நசீமா வக்கீலம்மா எழுந்து, அந்தத் தேதியில் கையெழுத்துப் போடவில்லை என்பதற்கு என்ன அத்தாட்சி என்று ஒரே ஒரு கேள்வி கேட்டார். மஞ்சப்பையைத் திறந்தேன்.

“என்ன அது?” என்றார் மாஜிஸ்திரேட்.

“என் கைங்கய்யா.”

தேதியைப் படித்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டு, ஆஸ்பத்திரிப் பதிவேட்டையும் அனுப்பச் சொன்னார். எலுமிச்சம்பழத்தையும் சேர்த்து எழுத வேண்டுமா என்று கிளார்க் கேட்டார். வேண்டாம் என்றார். அதை மட்டும் அறுத்து என்னிடம் திருப்பிக் கொடுத்தார்கள்.

வெளியே வந்ததும் காமாயியிடம் போனேன். “அன்னிக்கு நான் அவனப் பாக்கல ஆத்தா. நீலச் சட்டைனு சொன்னது பொய்” என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். “சரிக்கா” என்றாள்.

பிப்ரவரி 14

பல் தேய்க்க ரெண்டு தடவை போய்விட்டேன்.

பிப்ரவரி 22

கெடு முடிந்துவிட்டது. கடையை இடிக்க யாரும் வரவில்லை. வரவில்லை என்பதும் நிம்மதியாக இல்லை. லாரிச் சத்தம் கேட்டாலெல்லாம் வாசலுக்கு ஓடுகிறேன். நசீமா வக்கீலம்மா மனு போட்டிருக்கிறார். நோட்டீசின் கீழ்ப் பாதியை ஒரு ஆடு தின்றுவிட்டது. மேல்பாதி இன்னும் இருக்கிறது.

மார்ச் 6

விடுதலை! ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 14-10 அப்படியே இருந்ததாம். சாட்சியின் வலது கை கட்டில் இருந்த நாளில் அவர் கையெழுத்து எப்படி வந்தது, அந்த மற்றத் தாள்கள் எங்கே, எதிரியின் கை எப்படி முறிந்தது என்று மாஜிஸ்திரேட் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறாராம். வேறு ஊர் டிஎஸ்பி வந்து விசாரிப்பாராம். ரைட்டர் தவமணி லீவில் போய்விட்டார். அவருடைய இன்ஸ்பெக்டர் லீவு எடுக்கவில்லை. நேற்றும் ஜீப்பில் போகும்போது கடையைப் பார்த்தபடி போனார்.

மார்ச் 9

முத்திருளன் வந்தான், காமாயியோடு. பெஞ்சில் உட்கார்ந்தான். டீயை இடது கையால் வாங்கினான். வலது மணிக்கட்டு கோணலாகக் கூடியிருக்கிறது. இனிமேல் கிணற்றில் கயிறு பிடித்து இறங்க முடியாது என்றாள் காமாயி.

என்னவெல்லாமோ பேசினேன். வெயில், பால் விலை, சன்னாசியின் ஒன்பது வார்த்தை. அவன் பேசாமல் பன்னை நனைத்தான். ஒடிந்து விழுந்தது. அவன் கயிறு கேட்கவில்லை. ஸ்பூன் எடுத்துக் கொடுத்தேன்.

கடைசியில், “அன்னிக்கு ஜீப்புல ஏறும்போது நான் ஒண்ணு சொன்னேன்ல” என்றேன்.

“என்னது?”

“வழுக்கிருச்சான்னு.”

“அது காதுலயே விழுகலக்கா. மூணு நாளா காதுல வண்டு மாதிரி ஒரே சத்தம்.” கிளாசைக் கீழே வைத்தான். “உங்க கையில கட்டப் பாத்தேன். அடப்பாவிகளா, அக்காவையும் அடிச்சிட்டாய்ங்களேன்னு நெனச்சேன். டீக்கடைக்காரம்மா இவய்ங்கள என்ன செஞ்சுச்சுன்னு ஜெயில்ல போய்க்கூட யோசிச்சுக்கிட்டு இருந்தேன்.”

உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். இன்றைக்குத் தேவையே இல்லை, நேற்று உரித்ததே இருந்தது.

மார்ச் 19

டிஎஸ்பி அம்மா விசாரணைக்கு வந்தார். தாலுகா ஆபீசில் ஒரு அறை. மேஜையில் ஒரு பழுப்பு உறை. அதிலிருந்து தாள்களை எடுத்து வரிசையாக வைத்தார். எல்லாம் வெறும் தாள். கீழே என் கையெழுத்து. ஏழு தும்பிக்கை.

“உங்களோடதுதானே?”

“ஆமாம்மா.” இந்தத் தடவை பெருமையாகச் சொல்ல வரவில்லை.

ஒவ்வொன்றிலும் குறுக்கே கோடு போடச் சொன்னார். போட்டேன். ஐந்தாவது தாளில்தான் தும்பிக்கை ரொம்ப நன்றாக வந்திருந்தது. அதிலும் போட்டேன்.

பிறகு நான் சொன்னதை ஒருவர் மூணு பக்கம் டைப் அடித்துக் கொண்டுவந்தார். “கடைசில ஒரு கையெழுத்துப் போடுங்க” என்று பேனாவை நீட்டினார்.

“படிச்சுட்டுப் போடுறேன்யா.”

“நீங்க சொன்னதுதாம்மா அதுல இருக்கு.”

“அதான் படிக்கிறேன்.”

விரலை வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தேன். முக்கால் மணி நேரம் ஆனது. டிஎஸ்பி அம்மா போனில் பேசினார், தண்ணீர் குடித்தார், ஜன்னலைத் திறந்தார், சாத்தினார். டைப் அடித்தவர் பெருமூச்சு விட்டார். மூணாம் பக்கம் வந்தபோது நிறுத்தினேன்.

“அம்மா, பன்னெண்டுல ஏழு இங்க இருக்கு. முத்திருளனுக்கு ஒண்ணு போயிருச்சு. மீதி நாலு?”

“தேடிக்கிட்டிருக்கோம்.”

“அது இதுல எழுதல.”

“விசாரணையில வரும்மா.”

“நாலு பேரு எங்கயோ என் கையெழுத்துல உள்ள கெடப்பாங்கம்மா. அதை எழுதுனாத்தான் போடுவேன்.”

டிஎஸ்பி அம்மா டைப் அடித்தவரைப் பார்த்தார். அவர் எழுந்து போய் மூணாம் பக்கத்தை மறுபடி அடித்துக்கொண்டு வந்தார். நாலு தாள் இன்னும் கிடைக்கவில்லை, அவை எந்தெந்த வழக்குகளில் உள்ளன என்று கண்டுபிடித்துத் தெரிவிக்க வேண்டும் என்று சாட்சி கேட்டுக்கொள்கிறார். ஒவ்வொரு சொல்லாகப் படித்தேன். சரியாக இருந்தது.

பேனாவை வாங்கினேன். கோட்டை நீளமாக இழுத்து, சுருட்டி, புள்ளி வைத்தேன். இத்தனை வருடத்தில் இப்படி வந்ததில்லை.

அது டிஎஸ்பி அம்மா கையெழுத்துப் போட வேண்டிய இடமாம். மூணு பக்கமும் மறுபடி அடித்துக்கொண்டு வந்தார்கள். முதல் பக்கத்திலிருந்து படிக்க ஆரம்பித்தேன்.